மூன்று கால் செவலை

"அத்தை, மாட்டுக்குக் காது கொம்புக்கு முன்னால இருக்குதா, பின்னால இருக்குதா?"

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் பொன்னாத்தாள் கேட்ட கேள்வி இது. அவளுக்கு வயது ஆறு. கேட்டது தன் அத்தை சென்னியம்மாளிடம்.

சென்னியம்மாள் மாடுகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். தண்ணீர் காட்டியிருக்கிறாள், தவிடு கலக்கி வைத்திருக்கிறாள், பால் கறக்கப் போய் உதையும் வாங்கியிருக்கிறாள். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. அண்ணன் மகளை அதட்டி அனுப்பவும் மனம் வரவில்லை. எழுந்து கட்டுத்தரைக்குப் போய் எருதின் முகத்துக்கு நேராக நின்று பார்த்தாள்.

கொம்புக்குக் கீழே, கொஞ்சம் பின்னால்.

இத்தனை நாள் இதைப் பார்க்காமலா இருந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில் ஆரம்பித்ததுதான் தோட்டத்துக் கூரைச் சாளையில் நடந்த பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்று சொன்னால் சென்னியம்மாள் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் அவள். ஆண்கள் எதிரில் பேச்சு வராது. சொந்த அண்ணன் காளியண்ணனுக்கே கதவு நிலையைப் பார்த்துத்தான் பதில் சொல்வாள். ஆனால் களையெடுக்கப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகும் வாண்டுகளின் நடுவில் உட்கார்ந்துவிட்டால், அந்தச் சென்னியம்மாள் வேறு, இந்தச் சென்னியம்மாள் வேறு.

அங்கே பாடமெல்லாம் ஒரே கதைதான். கொல்லிமலையிலிருந்து உருண்டு வந்த மொட்டையன் கதை. அவனுக்குத் தலை கிடையாது, கால் கிடையாது. வெறும் உருண்டை.

"மொட்டையன் உருண்டு உருண்டு வாய்க்கால் கரைக்கு வந்துட்டான். அக்கட்டாலே கரையில பச்சைப்பசேர்னு புல்லு. எப்படிப் போவான்?"

"காலு வேணும்!"

"கால் எங்க மடங்கும்? முன்னாலயா, பின்னாலயா?"

கூட்டம் ஓடும், கட்டுத்தரையைப் பார்க்க. திரும்பி வந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்லும். மறுபடியும் ஓடும். தீர்மானம் ஆன பிறகுதான் கையில் காகிதம்.

காகிதத்துக்குக் குறைவில்லை. டெண்டுக் கொட்டகைக்காரர்கள் மாட்டு வண்டியில் தமுக்கு அடித்துக்கொண்டு வீசிப்போகும் நோட்டீசுகள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தெருவெல்லாம் கிடக்கும். அது போதாதென்றால் வாழைச் சருகு, சோளத்தட்டுத் தோல், அடுப்புக்கரி, செம்மண். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. சாளையின் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஆளுக்கு ஒரு முழம் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தாள். மொட்டையனுக்கு ஈ மொய்த்தால் வால் வரும். நரி ஊளையிட்டால் காது வரும். ஒருவன் மொட்டையன் ஆடாகும், இன்னொருத்தி மொட்டையன் எருமையாகும்.

ஒரு தந்திரமும் வைத்திருந்தாள். எந்த நாளும் கதையை முடிக்க மாட்டாள். ஏதாவது ஓர் உறுப்பு பாக்கி இருக்கும்போதே, "இன்னைக்கு மொட்டையன் வாலில்லாமத் தூங்கட்டும்" என்று எழுந்துவிடுவாள். மறுநாள் கோழி கூவும் முன்னே வாலைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வந்து நிற்கும்.

அந்தத் தந்திரம்தான் இந்த வியாழக்கிழமை அவள் கழுத்தைப் பிடித்தது.

காலையில் சென்னியம்மாள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். கட்டுத்தரையிலிருந்து அண்ணன் மனைவி குஞ்சம்மாளின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இங்க வாங்க. செவலை காலை ஊன மாட்டேங்குது."

செவலையும் மயிலையும் குஞ்சம்மாள் கல்யாணமாகி வந்தபோது அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த கன்றுகள். இப்போது ஆலையில் கரும்பு ஆட்டும் ஜோடி. செவலை சோத்துக்கைப் பக்கத்து முன்னங்காலைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் கோத்திருந்தது. வைத்த சோளத்தட்டு வைத்தபடி கிடந்தது.

காளியண்ணன் வந்து பார்த்தான். தொட்டால் எருது உதறியது. "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான இருந்துது," என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி தன் மகள் அத்தாயியைச் சாளையில் விட வந்தாள். விட்டவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், கட்டுத்தரைப் பேச்சு காதில் விழ, நேராக அங்கே வந்தாள்.

"ஏனுங் குஞ்சு, எந்தக் காலு நொண்டுது?"

"சோத்துக்கைப் பக்கம், முன்னங்கால்."

பாவாயி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போய்ச் செவுத்தைப் பாருங்க. உங்க பொன்னா ஒட்டுன செவலைக்கு அந்தக் காலையே காணம்."

எல்லோரும் சாளைக்குப் போனார்கள். சுவரில் வாழைச் சருகில் ஒட்டிய செவலை நின்றது. உண்மையிலேயே நன்றாக ஒட்டியிருந்தாள் குழந்தை. கொம்பின் வளைவு, திமிலின் சரிவு, காது இருக்க வேண்டிய இடத்தில் காது. கரியால் வைத்த கண் ஆளைப் பார்த்தது. ஆனால் தரையில் ஊன்றியிருந்தது மூன்று கால்.

குஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாட்டுக்கு நோவு வந்தால் மண்ணில் உருவாரம் செய்து கோயிலில் வைப்பது அந்தச் சீமை வழக்கம். உருவாரம் முழுசாக இருக்க வேண்டும். காது மூளியானதை, கால் ஒடிந்ததைக் குயவரிடமிருந்து யாரும் வாங்க மாட்டார்கள்; வாங்கி வைத்தால் உயிருள்ள மாட்டுக்கும் அதே கதி என்பார்கள். இது சென்னியம்மாளுக்கும் தெரியும். சுவரில் ஒட்டும் படத்தையும் கோயிலில் வைக்கும் உருவாரத்தையும் யாராவது ஒன்றாக நினைப்பார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மிணி, இதுக்குக் காலை ஏன் ஒட்டாம உட்டே?" என்றான் காளியண்ணன் தங்கையிடம்.

சென்னியம்மாள் கதவு நிலையைப் பார்த்தாள். "மிச்சம் இன்னைக்கு ஒட்டிக்கலாம்னு..."

நேற்று மாலை எல்லாப் பிள்ளைகளும் கிளம்பிய பிறகுதான் பொன்னாத்தாள் வந்து அவசர அவசரமாக ஒட்டினாள். பாதியில் நிற்கிறது போலிருக்கிறது என்று இவளும் விளக்கெடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மிச்சம் வெக்கிற எடமா இது?" காளியண்ணன் குரல் உயரவில்லை. உயராத போதுதான் அவனுக்குக் கோபம் அதிகம். "சென்றாயா, சுண்ணாம்பு கொண்டா. செவுத்தை முழுக்க அடி. பொழுதோட கடலைக்கொடிய இங்க கொண்டாந்து போர் போட்டுடு. கூட்டமும் வேண்டாம், கதையும் வேண்டாம்."

பண்ணையத்து ஆள் சென்றாயன் சுண்ணாம்புச் சட்டியும் அடிக்கிற மட்டையும் கொண்டு வந்தான். சுவரைப் பார்த்தான். சட்டியைக் கீழே வைத்தான்.

"ஏனுங்க பண்ணாடி, கண்ணு தொறந்திருக்குதுங்களே."

"இருந்தா?"

"கண்ணு தொறந்ததை அழிக்கக் கூடாதுங்க. எனக்கும் ரண்டு ஆடு இருக்குதுங்க. ஒண்ணு சினை."

"ஆட்டை எங்கடா அதுல ஒட்டியிருக்குது?"

"மூணாவது படம் என்ற ஆடாட்டவே இருக்குதுங்க."

காளியண்ணன் மட்டையைத் தானே பிடுங்கிச் சுண்ணாம்பில் தோய்த்தான். செவலையின் கண் அவனைப் பார்த்தது. மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி அவன் கால்விரலில் விழுந்தது. மட்டை சுவரைத் தொடவில்லை.

"நீ ஆரம்பிச்சது. நீயே அழி," என்று மட்டையைத் தங்கையிடம் நீட்டினான். "உச்சிப் பொழுதுக்கு நான் பூசாரியைப் பாக்கப் போவோணும். அதுக்குள்ள செவுரு வெள்ளையா இருக்கோணும்."

எல்லோரும் போன பிறகு, பிள்ளைகள் மட்டும் வாசலில் நின்றார்கள். யாருக்கும் உள்ளே வரத் துணிவில்லை. சென்னியம்மாள் கையில் மட்டை.

அழிப்பது என்று ஆகிவிட்டால் அழிக்கலாம். ஆனால் அரைகுறையாக நிற்கிற எதையும் அவள் அழிக்கப் போவதில்லை. வால் கேட்டு நிற்கிற ஆட்டுக்கு வாலும், கால் கேட்டு நிற்கிற எருதுக்குக் காலும் கிடைத்த பிறகுதான் சுண்ணாம்பு. கதை முடியட்டும். அண்ணன் கேட்டால் அதையே சொல்லிக்கொள்ளலாம்.

மட்டையைச் சட்டியில் போட்டாள்.

"வாங்க சாமிகளா. மொட்டையன் எங்க நிக்கறான்?"

அத்தாயிதான் மெதுவாகச் சொன்னாள். "வாலில்லாம நிக்கறானுங்க."

"ஈ விடுதா?"

"விடலீங்க."

"அப்ப என்ன வேணும்?"

பசைக் கொட்டாங்குச்சிகள் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. ஆட்டு வால் மேலே நிற்குமா, கீழே தொங்குமா என்று சண்டை வந்தது. சென்றாயனின் ஆடு என்று சொல்லப்பட்ட ஆட்டுக்குப் பச்சை நோட்டீசில் வால் முளைத்தது. எருமை வாலின் நுனிக்கு ஒருத்தி தன் தலைமயிரையே இரண்டு பிடுங்கி ஒட்டினாள்.

"பொன்னா, நீ காலை ஒட்டு கண்ணு," என்றாள் சென்னியம்மாள்.

பொன்னாத்தாள் வாலை ஒட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எந்தக் காலை?"

"நாலாவது காலை."

"அதுக்கு நாலு காலும் இருக்குது."

"எங்க இருக்குது? மூணுதான தெரியுது."

குழந்தை அத்தையை ஏற இறங்கப் பார்த்தாள். கண் தெரியாதவளைக் கைபிடித்துக் கூட்டிப் போவது போல அவள் விரலைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். எருதின் வயிற்றுக்கு முன்னால், நெஞ்சுக்கு அடியில், சருகு இரண்டு மடிப்பாகத் தடித்திருந்தது. அதன் நுனியில் கரி தடவிய சின்னத் துணுக்கு ஒன்று. காலையில் அத்தனை பேரும் அதை அழுக்கு என்று நினைத்தார்கள். அது குளம்பு. பிளவு கூடக் கீறியிருந்தது.

"காலை மடக்கித் தூக்கிட்டு நிக்குதத்தை. அதனால கீழ தெரியல."

சென்னியம்மாளின் விரல் அங்கேயே நின்றது. பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், நேற்று விளக்கெடுத்துக்கொண்டு போகும்போது பார்க்காமல் போயிருக்கிறாள்.

"எப்படி ஒட்டோணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. செவலை அப்படித்தான நின்னுது."

"எப்ப?"

"நேத்து ஆலைக்குச் சோறு கொண்டு போனனே, அப்ப. தண்ணித் தொட்டிகிட்ட. தூக்கித் தூக்கி வெச்சுது."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். ஒத்தக்கால்ல நின்னு தவம் பண்ணுது, மழை வரும் போன்னு சிரிச்சாங்க."

சென்னியம்மாள் எழுந்தாள். பசைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கட்டுத்தரைக்கு நடந்தாள். போகும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். யோசித்தது எதுவும் பிடிக்கவில்லை. பார்த்ததைச் சொன்னால் போதும் என்று பட்டது.

காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். பூசாரி வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. ஒரு படி கம்பை முடிந்து கையில் வைத்திருந்தாள் குஞ்சம்மாள்.

"அண்ணா."

அவன் திரும்பினான். தங்கை கதவு நிலையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டது அவனுக்குப் புதிது.

"அழிச்சாச்சா?"

"இல்லீங்க. செவலை காலைச் சித்தெ தூக்கிக் குளம்பைப் பாருங்க."

"தொட்டா உதைக்குது. உருவாரம் நேந்துக்கிட்டு வந்துதான்..."

"படம் ஒட்டுனதால நொண்டலீங்கண்ணா. நொண்டுனதைப் பாத்துத்தான் பொன்னா படமே ஒட்டியிருக்குது. நேத்து மத்தியானமே தொட்டிகிட்டக் காலைத் தூக்கிட்டு நின்னுதாமா. உங்ககிட்டச் சொல்லுச்சாமா."

காளியண்ணன் குனிந்து செவலையின் காலைப் பார்த்தான்.

"நேத்துக் காலையில லாடம் அடிச்சது அந்தக் காலுக்குத்தானுங்களே?" என்றாள் சென்னியம்மாள்.

குஞ்சம்மாள் கம்பு முடிச்சைக் கீழே வைத்தாள். சென்றாயன் கயிறு கொண்டு வந்தான். செவலையைச் சாய்த்துக் காலைக் கட்டினார்கள். காளியண்ணன் குளம்பை மடியில் வைத்துக்கொண்டு ஆணிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினான். ஓர் ஆணியைத் தொட்டதும் எருதின் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

குறடு போட்டு இழுத்தான். ஆணி கோணலாக வந்தது. பின்னாலேயே கறுத்த இரத்தமும் நிணநீரும் வடிந்தன. ஆணி சதையில் ஏறியிருந்தது.

குஞ்சம்மாள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் காய்ச்சிக் கொண்டு வந்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே செவலையிடம் பேசினாள்.

"லாடக்காரரு சொன்னாரில்ல சாமி, சித்தெ பொறுங்க, நிதானமா அடிக்கறேன்னு. ஆலைக்கு நேரமாச்சுன்னு நிக்கறவங்க காதுல அது உழுமா? நீயாவது சொல்லியிருக்கலாம். உனக்கு வாயில்ல. வாயிருக்கறவ சொன்னா, மழை வரும்னுட்டாங்க."

சென்றாயன் முகத்தை வைக்கோல் பக்கம் திருப்பிக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறவன் தோள் குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

கட்டை அவிழ்த்ததும் செவலை எழுந்தது. காலைத் தரையில் வைத்துப் பார்த்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. பிறகு தலையைக் குனித்துச் சோளத்தட்டை ஒரு வாய் கடித்தது.

காளியண்ணன் கையைக் கழுவினான். தங்கை பக்கம் திரும்பாமல், "சென்றாயா, கடலைக்கொடிய களத்துலயே போர் போட்டுடு," என்றான்.

"சாளையிலன்னு சொன்னீங்களே பண்ணாடி?"

"களத்துலன்னு சொன்னேன்."

சென்னியம்மாளுக்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்க அவளுக்கும் தெரியாது, சொல்ல அவனுக்கும் தெரியாது.

பொழுது சாயும் நேரம். சாளையில் பிள்ளைகள் கிளம்பத் தயாராக இருந்தார்கள். காளியண்ணன் வந்து உள்ளே நின்றான். மகள் அவன் விரலைப் பிடித்துச் சருகின் மடிப்பில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மாள் வாசற்படியில் நின்றாள். செவலை நன்றாகத் தின்கிறது என்ற செய்தி அதற்குள் சுற்றிலும் பரவிவிட்டிருந்தது.

ஆனால் பரவும்போது கொஞ்சம் மாறியும்விட்டது.

பாவாயி வந்தாள். காலையில் வந்த பாவாயி இல்லை இவள். குளித்து, நெற்றியில் திருநீறு இட்டிருந்தாள். கையில் தட்டு. தட்டில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம்.

"அம்மிணி, உன்ற செவுரு பேசுதாமா," என்றாள். குரல் பணிந்திருந்தது. "உள்ள நோவை முந்தியே காட்டிக் குடுத்துருச்சாமா. வால் ஒட்டி முழுசாக்குனதும் எருது எந்திரிச்சுருச்சாமா."

"ஆணியைப் புடுங்குனதுல எந்திரிச்சுதுங்கக்கா," என்றாள் சென்னியம்மாள்.

"அது சரி, அதுவுந்தான். என்ற எருமை நாளைக்கோ நாளான்னைக்கோ கன்னு போடும். போன தடவை கன்னு செத்துப் பொறந்துது. உனக்குத் தெரியும். உன் கையால ஒரு எருமையும் கன்னுமா, நாலு காலும் முழுசா ஒட்டிக் குடு. கண்ணு வெச்சதும் கற்பூரம் காட்டிட்டுப் போறேன்."

சென்னியம்மாள் தட்டைப் பார்த்தாள்.

ஒட்டிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. அடுப்புக்கரி கூட இருக்கிறது. ஒட்டிவிட்டால் பாவாயி கையெடுத்துக் கும்பிடுவாள். நாளைக்கு இன்னும் பத்துப் பேர் பிள்ளைகளை அனுப்புவார்கள். சாளையைக் கேட்க யாருக்கும் துணிவு வராது.

"ஒரு எருமைதான அம்மிணி," என்றாள் குஞ்சம்மாள் மெதுவாக. "பாவாயி மனசு ஆறட்டும்."

காளியண்ணனும் தொண்டையைக் கனைத்தான். "ஒட்டிக் குடேன். உனக்கென்ன கொறையுது?"

"காலையில இந்தப் படம் எருதைக் கெடுத்துதுன்னீங்க. அது இல்லைன்னு சொன்னேன்," என்றாள் சென்னியம்மாள். "இப்பக் காப்பாத்தும்னு சொன்னா அதுக்கும் இல்லைன்னுதானுங்க சொல்லோணும். நாளைக்கு எருமை நல்லபடியா ஈனுனா செவுரு காப்பாத்துச்சும்பாங்க. அடுத்த மாசம் ஒரு மாடு செத்தா செவுரு கொன்னுச்சும்பாங்க. அப்பப் பொன்னா என்ன ஒட்டுவா? பாத்ததை ஒட்டுவாளா, பயந்ததை ஒட்டுவாளா?"

பிறகு பாவாயியிடம் திரும்பினாள். "அக்கா, அத்தாயி இப்பப் புதுசா உங்க எருமையைத்தான் ஒட்டிட்டிருக்கறா. மடி எறங்கியிருக்கறதைக் கூடப் பாத்து வெச்சிருக்கறா. வந்து பாருங்க, அது படமுங்க. கற்பூரம் மட்டும் வேண்டாம். கோயில்ல காட்டுங்க. கன்னு போடறப்ப ராத்திரியானாலும் கூப்புடுங்க, நானும் குஞ்சம்மா நங்கையாளும் வந்து கூட இருக்கறோம்."

பாவாயி சுவரைப் பார்க்கவில்லை. சென்னியம்மாளைப் பார்த்தாள். பாவாயியின் முகத்தில் கோபம் இருந்தால் சென்னியம்மாளும் பதில் சொல்லியிருப்பாள். கோபம் இல்லை. தனக்கு மட்டும் கதவு சாத்தப்பட்ட ஒருத்தியின் முகமாக இருந்தது அது.

தட்டில் இருந்த கற்பூரத்தை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மகளை நோக்கிக் கையை நீட்டினாள். அத்தாயி ஒட்டாத வாலைக் கையில் வைத்துக்கொண்டு சென்னியம்மாளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். வாலைத் தரையில் வைத்தாள்.

பாவாயி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசற்படியில் குஞ்சம்மாள் ஒதுங்கி வழி விட்டாள். வாய்க்கால் வரப்பு வரைக்கும் அவர்கள் இருவரும் போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. எருமையின் வால் சாளைத் தரையிலேயே கிடந்தது.